மூளைத்தண்டின் அமைப்பும் பணிகளும்: விழிப்பும் அசைவும் பிரியும் இடம்

ஆய்வுச்சுருக்கம்

மனித மூளையின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 7 முதல் 8 சென்டிமீட்டர் நீளமே உடைய மூளைத்தண்டு, மூச்சு, இரத்த அழுத்தம், விழுங்குதல், கண்ணசைவு, விழிப்புநிலை ஆகியவற்றின் இருப்பிடமாகவும், பெருமூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் ஒரே வழியாகவும் அமைந்துள்ளது. இக்கட்டுரை மூளைத்தண்டின் உடற்கூற்றை அதன் முன்–பின் பகுப்பை முதன்மையாகக் கொண்டு விளக்குகிறது. அசைவும் பேச்சும் அற்ற நோயாளியின் நிலை, சிதைவு நேர்ந்த இடத்தைப் பொறுத்து முற்றிலும் வேறு வேறு பொருள் கொள்வதை அப்பகுப்பின் வழியே ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மூளைத்தண்டு, நடுமூளை, பான்ஸ், முகுளம், கபால நரம்புகள், விழிப்புநிலை, பூட்டுண்ட நிலை, மூளைத்தண்டுச் சாவு

முன்னுரை

தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் அடுத்தடுத்த படுக்கைகளில் மூன்று நோயாளிகள் கிடப்பதாகக் கொள்ளலாம். மூவரும் அசைவதில்லை, பேசுவதில்லை, கிள்ளினாலும் கை விலகுவதில்லை. மூவருக்கும் செயற்கைச் சுவாசக் கருவியே மூச்சுத் தருகிறது. அவர்களுள் ஒருவர் மருத்துவத்தின்படியும் சட்டத்தின்படியும் இறந்தவர். மற்றொருவர் தம்மைச் சுற்றி நிற்போர் பேசுவதை எல்லாம் கேட்டுப் புரிந்துகொண்டிருப்பவர். மூன்றாமவர் உரிய சிகிச்சை தொடர்ந்தால் சில நாள்களிலோ சில வாரங்களிலோ நடந்து வீடு திரும்பக்கூடியவர். புறத்தோற்றத்தில் ஒன்றாகவே காணப்படும் இம்மூன்று நிலைகளையும் பிரித்தறிய வேண்டுமாயின் மூளைத்தண்டின் கட்டமைப்பை அறிந்திருத்தல் வேண்டும்.

பள்ளிப் பாடநூல்கள் மூளைத்தண்டைப் பெரும்பாலும் ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. பெருமூளை சிந்திக்கிறது, சிறுமூளை சமநிலை காக்கிறது, முகுளம் இதயத்தையும் மூச்சையும் கட்டுப்படுத்துகிறது என்னும் அளவில் பாடம் முடிகிறது. இவ்விளக்கம் பிழையன்று, ஆயினும் மருத்துவர் நோயாளியின் படுக்கையருகே நின்று எதிர்கொள்ளும் வினாக்களுக்கு அது விடை தருவதில்லை.

பெயர்களும் இருப்பிடமும்

மேலிருந்து கீழாக நடுமூளை, பான்ஸ், முகுளம் என மூன்று பகுதிகளை உடையது மூளைத்தண்டு. பான்ஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குப் பாலம் என்பது பொருள். சிறுமூளையின் இரு பக்கங்களையும் முன்புறமாக இணைப்பதுபோல் தோன்றும் தடித்த இழைப்பட்டையை 1573இல் வெளிவந்த தம் நூலில் விவரித்த இத்தாலிய உடற்கூற்றியலாளர் கொஸ்டான்சோ வரோலியோவின் பெயரால் அது வரோலியின் பாலம் எனவும் வழங்குகிறது. தமிழ்நாட்டில் முகுளம் எனப்படும் பகுதியை இலங்கைப் பாடநூல்கள் நீள்வளைய மையவிழையம் என்கின்றன. இக்கட்டுரை தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றுகிறது.

நடுமூளை ஏறத்தாழ 2 சென்டிமீட்டரும், பான்ஸ் இரண்டரை சென்டிமீட்டரும், முகுளம் 3 சென்டிமீட்டரும் நீளமுடையவை. மேல்முனை தாலமஸுடன் இணைகிறது. கீழ்முனை மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துளையின் வழியே தண்டுவடமாகத் தொடர்கிறது. பின்புறத்தில் சிறுமூளை மூன்று இணைத் தண்டுகளால் பிணைக்கப்பட்டுள்ளது. மூளைத்தண்டிற்கும் சிறுமூளைக்கும் இடையே நான்காம் மூளையறை அமைந்துள்ளது. அதற்கு மேலே நடுமூளையினூடே ஒரு குறுகிய கால்வாய் செல்கிறது. மூளைத்தண்டுவடத் திரவம் கீழிறங்கும் வழியில் மிகவும் ஒடுக்கமான இடம் இதுவே. பிறவிக் குறைபாட்டாலோ கட்டியாலோ இக்கால்வாய் அடைபட்டால் மேலுள்ள அறைகளில் திரவம் தேங்கி மூளை விரிவடைகிறது.

மண்டையோடு விரிந்துகொடுக்காத பெட்டகம். உள்ளே இரத்தக்கசிவாலோ வீக்கத்தாலோ அழுத்தம் மிகும்போது மூளை ஒதுங்குவதற்கு உள்ள வழிகள் மிகச் சில; அவற்றுள் முதன்மையானது கீழ்நோக்கியது. அவ்வாறு பிதுங்கும் மூளைப்பகுதி மூளைத்தண்டை நெரிக்கிறது. விபத்தில் தலையடிபட்டவரின் கண்பாவையை மருத்துவரும் செவிலியரும் மணிக்கொருமுறை விளக்கொளியில் சோதிப்பதன் காரணம் இதுவே. மூன்றாம் கபால நரம்பு நடுமூளையிலிருந்து புறப்படும் இடத்தில் நசுங்கத் தொடங்கினால், அப்பக்கக் கண்பாவை விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் நிற்கும். நடுமூளை நசுங்கப்போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு அது.

முன்பகுதியும் பின்பகுதியும்

மூளைத்தண்டை மேல், இடை, கீழ் எனப் பிரிப்பது மரபு. நோயைப் புரிந்துகொள்வதற்கு இன்னொரு பகுப்பே பெரிதும் உதவுகிறது. எந்த மட்டத்தில் குறுக்கே வெட்டினாலும் அதில் முன்பகுதி, பின்பகுதி என்னும் வேறுபாட்டைக் காணலாம்.

முன்பகுதி பெரும்பாலும் கீழிறங்கும் இழைகளால் ஆனது. பெருமூளைப் புறணியிலிருந்து புறப்படும் இயக்க இழைகள் நடுமூளையின் முன்புறத் தூண்களில் திரண்டு இறங்கி, பான்ஸின் அடிப்பகுதியில் பல கற்றைகளாகச் சிதறிச் சென்று, முகுளத்தின் முன்புறத்தில் மீண்டும் இரு கூம்புகளாகத் திரள்கின்றன. கை, கால், முகம், நாக்கு, தொண்டை ஆகியவற்றிற்கு விருப்பின்படி அசையுமாறு இடப்படும் ஆணைகள் அனைத்தும் இவ்வழியே செல்கின்றன.

பின்பகுதியின் இயல்பு வேறு. கபால நரம்புகளின் கருக்கள், மேலேறும் உணர்விழைகள், இவற்றின் இடைவெளிகளை நிரப்பும் வலைப்பின்னல் அமைப்பு ஆகியவை அங்கு உள்ளன. மூச்சின் தாளம், இரத்த அழுத்தம், விழிப்பு ஆகியவை பின்பகுதியைச் சார்ந்தவை. நடுமூளையில் இவற்றிற்கும் பின்னே கூரைபோல நான்கு சிறு மேடுகள் உள்ளன. மேல் இணை பார்வையின் திசைக்கேற்பக் கண்ணையும் தலையையும் திருப்ப உதவுகிறது. கீழ் இணை செவிவழிச் செய்திகளுக்கான இடைநிலையம். முன்–பின் பகுதிகளின் எல்லையில் நடுமூளையில் காணப்படும் கரும்பொருள், டோபமைன் சுரக்கும் நியூரான்களைக் கொண்டது. நடுக்குவாதமாகிய பார்க்கின்சன் நோயில் இந்நியூரான்கள் படிப்படியாக அழிவதால் அக்கருமை வெளிறிப்போவதைப் பிணக்கூறாய்வில் வெறுங்கண்ணாலேயே காணலாம்.

இரத்த ஓட்டமும் இப்பகுப்பைப் பெரும்பாலும் ஒத்தே அமைந்துள்ளது. கழுத்தெலும்புகளின் வழியே ஏறிவரும் இரு முதுகெலும்புத் தமனிகள் பான்ஸின் கீழ்விளிம்பில் இணைந்து, அடித்தமனி என்னும் ஒற்றைக் குழாயாகப் பான்ஸின் முன்முகத்தின்மேல் செல்கின்றன. அதிலிருந்து நேராக உட்புகும் குறுங்கிளைகள் முன்பகுதிக்கும், சுற்றிச் செல்லும் நெடுங்கிளைகள் பக்கப்பகுதிக்கும் பின்பகுதிக்கும் குருதி தருகின்றன. ஆகவே ஓர் அடைப்பு முன்பகுதியை மட்டும் அழித்துப் பின்பகுதியை விட்டுவைப்பது இயலக்கூடியதே. பூட்டுண்ட நிலை எனப்படும் கொடிய நிலைக்கு இவ்வமைப்பே அடிப்படை.

குறுக்கே கடக்கும் இழைகள்

முகுளத்தின் கீழ்முனையில் இயக்க இழைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு எதிர்ப்பக்கத்திற்குக் கடந்துசெல்கின்றன. மூளையின் ஒரு பக்கச் சிதைவு உடலின் மறுபக்கத்தைச் செயலிழக்கச் செய்வதைப் பண்டைய கிரேக்க மருத்துவர்களே கவனித்திருந்தனர். அதற்குக் காரணமான இழைக் குறுக்கீட்டை 1709இல் மிஸ்டிகெல்லியும் 1710இல் பூர்ஃபூர் டு பெட்டியும் விவரித்தனர்.

கபால நரம்புகளின் கருக்களோ பெரும்பாலும் தத்தம் பக்கத்து முகத்தையும் தொண்டையையும் நாக்கையுமே ஆள்கின்றன. இதன் விளைவு மருத்துவ நோக்கில் மிகவும் பயனுள்ளது. பெருமூளையில் பக்கவாதம் நேர்ந்தால் முகமும் கைகாலும் ஒரே பக்கத்தில் பாதிக்கப்படும். மூளைத்தண்டில் நேர்ந்தாலோ முகம் ஒரு பக்கமும் உடல் மறுபக்கமும் பாதிக்கப்படும். குறுக்குமறுக்கான இத்தகைய குறிகளைக் கண்டவுடனேயே, படமெடுக்கும் கருவி எதுவும் இன்றி, சிதைவு மூளைத்தண்டில்தான் என்று கூறிவிடலாம்.

இதற்குச் சிறந்த சான்று ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் வாலன்பெர்க் 1895இல் விவரித்த நோய்க்குறி. அவருடைய நோயாளிக்குத் திடீரெனத் தலைசுற்றலும் விழுங்க இயலாமையும் குரல் கம்மலும் ஏற்பட்டன. முகத்தின் ஒரு பாதியில் வலியும் சூடும் உணரப்படவில்லை. உடலிலோ எதிர்ப்பக்கத்தில் அவ்வுணர்வு அற்றுப்போயிருந்தது. கைகால்களின் வலிமை குறையவில்லை. இக்குறிகளை மட்டுமே கொண்டு, முகுளத்தின் பின்பக்க ஓரத்தில் குறிப்பிட்ட தமனி அடைபட்டதால் நேர்ந்த சிதைவு என அவர் கணித்தார். சில ஆண்டுகள் கழித்து அந்நோயாளி இறந்தபின் நடத்தப்பட்ட பிணக்கூறாய்வு அக்கணிப்பை உறுதிப்படுத்தியது; அம்முடிவை 1901இல் அவர் வெளியிட்டார். எக்ஸ் கதிர்களே கண்டறியப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டில், உடற்கூற்றறிவை மட்டும் கொண்டு சில மில்லிமீட்டர் பரப்பைச் சுட்டிக்காட்ட முடிந்தது. இன்றும் இந்நோய்க்குறியுடன் வருவோர் கைகால் வலிமை குன்றாமல் இருப்பதால், வெறும் தலைசுற்றல் என்று திருப்பி அனுப்பப்படும் இடர் உண்டு. விழுங்கும்போது புரையேறுகிறதா, குரல் மாறியிருக்கிறதா என்று கேட்டாலே பல நேரங்களில் உண்மை வெளிப்பட்டுவிடும்.

கபால நரம்புகள்

பன்னிரண்டு இணைக் கபால நரம்புகளுள் முகர்தலுக்கும் பார்வைக்கும் உரிய முதல் இரண்டைத் தவிர ஏனைய பத்தும் மூளைத்தண்டைச் சார்ந்தவை. பதினோராம் நரம்பின் பெரும்பகுதி கழுத்துத் தண்டுவடத்தில் தோன்றுவதால் அதனை முழுமையாக இவ்வகையில் சேர்ப்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மூன்றும் நான்கும் நடுமூளையிலும், ஐந்து முதல் எட்டு வரையிலானவை பான்ஸிலும் பான்ஸ்–முகுள எல்லையிலும், ஒன்பது, பத்து, பன்னிரண்டு ஆகியவை முகுளத்திலும் தொடர்புற்றுள்ளன.

இவ்வடுக்குமுறையே மூளைத்தண்டை மட்டம் மட்டமாகச் சோதிக்க வழிசெய்கிறது. கண்ணில் ஒளி பட்டால் இரு கண்பாவைகளும் சுருங்குவது நடுமூளையின் செயல். விழிவெண்படலத்தைப் பஞ்சிழையால் தொட்டால் இமை மூடுவதற்கு ஐந்தாம் நரம்பின் உணர்வும் ஏழாம் நரம்பின் இயக்கமும் வேண்டும். அது பான்ஸின் செயல். தலையைத் திருப்பும்போதோ காதில் குளிர்நீர் செலுத்தும்போதோ கண் நகர்வதற்கு எட்டாம் நரம்பிலிருந்து ஆறாம், மூன்றாம் நரம்புகள் வரையிலான நீண்ட பாதை சிதையாமல் இருக்க வேண்டும். தொண்டையைத் தொட்டால் குமட்டுவதும், மூச்சுக்குழாயினுள் உறிஞ்சுகுழல் பட்டால் இருமுவதும் முகுளத்தின் செயல்கள்.

கண்ணசைவில் ஒரு நுட்பம் உண்டு. கண்களை இடவலமாக நகர்த்தும் ஒருங்கிணைப்பு பான்ஸில் நிகழ்கிறது. மேல்கீழாக நகர்த்தும் ஒருங்கிணைப்பு நடுமூளையில் நிகழ்கிறது. பாடநூலில் படிக்கையில் நினைவில் நிறுத்தத் தேவையற்ற சிறு செய்தியாகத் தோன்றும் இது, சிலருக்கு உலகத்தோடு எஞ்சிய ஒரே தொடர்பாக அமைந்துவிடுகிறது.

விழிப்பின் ஊற்று

விழித்திருத்தல் என்பது புலன்கள் இடைவிடாது தரும் தூண்டலின் விளைவு என்றும், தூக்கம் என்பது அத்தூண்டல் குறைவதன் விளைவு என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிரடெரிக் பிரெமர் 1935 முதல் பூனைகளில் செய்த ஆய்வுகள் இவ்வினாவைச் சோதனைக்கு உட்படுத்தின. முகுளத்திற்கும் தண்டுவடத்திற்கும் இடையே துண்டித்தபோது பூனையின் மூளை மின்னலைகளில் தூக்கமும் விழிப்பும் மாறிமாறி வந்தன. நடுமூளையின் மட்டத்தில் துண்டித்தபோது தூக்கத்தின் அலைகள் மட்டுமே எஞ்சின. புலனுணர்வு தடைபட்டதே காரணம் என்று பிரெமர் விளக்கினார்.

1949இல் ஜுசெப்பே மொருட்சியும் ஹொரேஸ் மேகூனும் வெளியிட்ட ஆய்வு அவ்விளக்கத்தை மாற்றியது. மயக்கநிலையிலிருந்த பூனையின் மூளைத்தண்டில் வலைப்பின்னல் அமைப்பை மின்னோட்டத்தால் தூண்டியபோது, மின்னலைகள் உடனடியாக விழிப்பின் வடிவத்திற்கு மாறின. அடுத்து வந்த ஆய்வுகளில் புலனுணர்வுப் பாதைகளை மட்டும் வெட்டியபோது விழிப்பு நீடித்தது. அப்பாதைகளை விட்டு வலைப்பின்னல் அமைப்பை மட்டும் அழித்தபோது விழிப்பு அற்றுப்போனது. புலன்கள் விழிப்புக்குத் துணைபுரிகின்றன. அதன் ஊற்று மூளைத்தண்டினுள் உள்ளது என்பது இதனால் தெளிவாயிற்று.

வலைப்பின்னல் அமைப்பு ஒற்றை உறுப்பன்று என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. நார்அட்ரினலின் சுரக்கும் நீலப்புள்ளிக் கரு, நடுக்கோட்டை ஒட்டிச் செரோட்டோனின் சுரக்கும் கருக்கள், அசிட்டைல்கோலின் சுரக்கும் கருக்கள் எனப் பல தொகுதிகள் அதனுள்ளும் அதனையொட்டியும் உள்ளன. நீலப்புள்ளிக் கருவில் சில பத்தாயிரம் நியூரான்களே உண்டு. ஆயினும் அவற்றின் கிளைகள் பெருமூளைப் புறணி முழுவதும் பரவுகின்றன. மருத்துவ அனுபவமும் இதனோடு ஒத்துச் செல்கிறது. மேல்பான்ஸிலும் நடுமூளையிலும் பின்பகுதி இருபுறமும் சிதைந்தால் ஆழ்மயக்கம் ஏற்படுகிறது. முகுளம் மட்டும் சிதைந்தவரோ மூச்சு நின்றுபோகும் இடரில் இருந்தாலும், மூச்சுத் தரப்படும்வரை நினைவோடு இருக்கக்கூடும்.

மூச்சின் தாளம்

இதயத்தையும் மூச்சையும் முகுளம் கட்டுப்படுத்துகிறது என்று ஒரே தொடரில் கூறுவது இரண்டும் ஒரே வகையானவை என்னும் எண்ணத்தைத் தருகிறது. உண்மை அவ்வாறன்று. இதயத் துடிப்பு இதயத்தினுள்ளேயே, வலது மேலறையிலுள்ள கணுவில் பிறக்கிறது. மூளைத்தண்டு அதனை விரைவுபடுத்தவும் தணிக்கவும் மட்டுமே செய்கிறது. நரம்புத்தொடர்பு முற்றும் அறுந்தாலும் இதயம் துடிக்கும். மூச்சின் தசைகளுக்குத் தாமாக இயங்கும் ஆற்றல் இல்லை. உதரவிதானத்திற்கு ஒவ்வொரு முறையும் முகுளத்திலிருந்து ஆணை வந்தாக வேண்டும். மூளைத்தண்டு அழிந்தபின்னும் கருவியின் துணையால் இதயம் துடித்துக்கொண்டிருப்பது இந்த வேறுபாட்டின் விளைவே.

பிரெஞ்சு மருத்துவர் லெகல்வா முயல்களின் மூளையை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக அகற்றிவந்தார். பெருமூளையும் சிறுமூளையும் போனபின்னும் மூச்சு நின்றுவிடவில்லை. பத்தாம் நரம்பு தோன்றும் மட்டத்தை வெட்டு எட்டியபோதுதான் அது நின்றது. 1812இல் நூலாக வெளிவந்த இம்முடிவு, உடலின் ஓர் இன்றியமையாத செயலை மூளையின் ஒரு குறிப்பிட்ட இடத்தோடு பிணைத்த தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று. அதனைத் துல்லியமாக்க மேலும் நூற்றெண்பது ஆண்டுகள் ஆயின. 1991இல் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் முதலியோர், பிறந்த எலிக்குட்டியின் முகுளத்திலிருந்து வெட்டியெடுத்த மெல்லிய சீவல் ஒன்று தனித்த நிலையிலும் மூச்சின் தாளத்தை உண்டாக்குவதைக் காட்டினர். அவ்விடத்திற்கு முன்–போட்சிங்கர் தொகுதி என்று பெயர். போட்சிங்கர் எந்த அறிஞரின் பெயரும் அன்று. ஜெர்மனியில் நடந்த கருத்தரங்கொன்றில் பரிமாறப்பட்ட திராட்சை மதுவின் பெயர்.

குருதியில் கார்பன் டைஆக்சைடு மிகும்போது முகுளத்தின் முன்புறப் பரப்பை ஒட்டிய உணர்விகள் அதனை அறிந்து மூச்சை விரைவுபடுத்துகின்றன. மூச்சை அடக்கிக்கொண்டு உயிர்விட எவராலும் இயலாமைக்கு இதுவே காரணம். இப்பொறி பிறவியிலேயே பழுதுற்ற குழந்தைகள் விழித்திருக்கும்போது ஓரளவு மூச்சுவிட்டு, உறங்கியவுடன் மூச்சுக் குன்றிப்போகின்றனர். பிறவி மைய மூச்சுக் குறைவு எனப்படும் இந்நோயின் மூலம் பாக்ஸ்2பி என்னும் மரபணுவின் பிறழ்வு என 2003இல் கண்டறியப்பட்டது. அத்தகைய குழந்தைக்கு ஒவ்வோர் இரவும் சுவாசக் கருவி தேவை.

பூட்டுண்ட நிலை

அடித்தமனி அடைபட்டுப் பான்ஸின் முன்பகுதி மட்டும் இருபுறமும் அழிந்தால் நேர்வது என்ன என்பதை மேற்கண்ட உடற்கூறே சொல்லிவிடுகிறது. இயக்க ஆணைகள் செல்லும் வழி முற்றிலும் அறுபடுகிறது. கை, கால், முகம், நாக்கு, தொண்டை எதுவும் விருப்பின்படி அசையாது. இடவலக் கண்ணசைவும் போகிறது. பின்பகுதி சிதையாமையால் விழிப்பு அப்படியே இருக்கிறது, செவிப்புலன் கேட்கிறது, பெருமூளை சிந்திக்கிறது. நடுமூளை சிதையாமையால் கண்களை மேலும் கீழும் நகர்த்தவும் மேலிமையை உயர்த்தவும் இயலும். 1966இல் ஃபிரெட் பிளம், ஜெரோம் போஸ்னர் ஆகியோர் இதற்குப் பூட்டுண்ட நிலை என்று பெயரிட்டனர்.

பிரெஞ்சு இதழாசிரியர் ழான் டொமினிக் போபி 1995 டிசம்பரில் இந்நிலைக்கு ஆளானார். எழுத்துகளை அவற்றின் பயன்பாட்டு அடர்த்தி வரிசையில் ஒருவர் படித்துக்காட்ட, வேண்டிய எழுத்து வந்ததும் இடக்கண்ணிமையைச் சிமிட்டி ஒரு முழு நூலை அவர் சொல்லி முடித்தார். 1997இல் அந்நூல் வெளிவந்த சில நாள்களில் அவர் இறந்தார்.

போபியின் நிலை உரிய காலத்தில் கண்டறியப்பட்டது. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. பிரான்சில் இந்நிலையிலுள்ள 44 பேரைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வில், நோய் தொடங்கியதற்கும் இந்நிலை சரியாக இனங்காணப்பட்டதற்கும் இடையே சராசரியாக இரண்டரை மாதங்கள் கழிந்திருந்தன. நோயாளிக்கு நினைவிருப்பதை முதலில் உணர்ந்தவர் பாதிக்கும் மேற்பட்டோரின் வகையில் குடும்பத்தினரே. மருத்துவர் முதலில் உணர்ந்தது நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு. குடும்பத்தார் கண்ணைப் பார்த்துப் பேசுகின்றனர். மருத்துவரோ கையை அசைக்கச் சொல்கிறார். “மேலே பாருங்கள், கீழே பாருங்கள்” என்று கேட்பதற்குச் சில நொடிகள் போதும். கண்ணைத் திறக்காத நோயாளியின் இமையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இவ்வாறு கேட்பதைத் தீவிர சிகிச்சையின் வழக்கமான சோதனையில் சேர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இந்நிலையில் வாழ்வோர் சாவையே விரும்புவர் என்னும் பொதுக்கருத்தும் சோதனைக்குரியது. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில் தம் மனநிலையைத் தெரிவித்த 65 பேருள் 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் 18 பேர் மகிழ்ச்சியின்றி இருப்பதாகவும் கூறினர். விடையளிக்க இயன்றோர், விரும்பியோர் மட்டுமே இதில் இடம்பெற்றனர் என்பதைக் கருத்தில் கொண்டாலும், நோயாளியைக் கேளாமல் அவர் சார்பாக முடிவெடுப்பது தகாது என்பதற்கு இவ்வெண்கள் போதுமானவை.

மூளைத்தண்டுச் சாவு

மூளைத்தண்டு முழுவதும் மீளாத வகையில் செயலிழந்தால் விழிப்பும் இல்லை, மூச்சும் இல்லை. 1959இல் பிரெஞ்சு மருத்துவர்களான மொல்லாரேயும் கூலோனும் மயக்கத்தைக் கடந்த மயக்கம் என்று இதனை விவரித்தனர். 1976இல் பிரிட்டனின் மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பு மூளைத்தண்டுச் சாவுக்கான சோதனை முறையை வகுத்தது. அமெரிக்கச் சட்டம் மூளை முழுவதும் செயலிழப்பதைக் கேட்கிறது; இந்தியாவின் 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் பிரிட்டனைப் போல மூளைத்தண்டையே அளவுகோலாகக் கொள்கிறது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணிநேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். 2008 முதல் தமிழ்நாட்டில் முறைப்படுத்தப்பட்ட உறுப்புக்கொடைத் திட்டம் இச்சான்றளிப்பின் மீதே நிற்கிறது.

சோதனைகள் கபால நரம்புகளின் வரிசையிலேயே அமைந்துள்ளன. கண்பாவை, இமை, கண்ணசைவு, குமட்டல், இருமல் என மேலிருந்து கீழாக ஒவ்வொரு மட்டமும் கேட்கப்படுகிறது, இறுதியில் மூச்சு. ஆக்சிஜனைத் தொடர்ந்து செலுத்தியபடியே கருவியை நிறுத்திவைத்து, குருதியில் கார்பன் டைஆக்சைடு போதிய அளவு உயர்ந்தும் மார்பு அசையவில்லை என்றால் முகுளமும் விடைதரவில்லை என்று பொருள். இதன்பின்னும் கைகால்களில் சில அசைவுகள் தோன்றலாம். அவை தண்டுவடத்தின் அனிச்சைச் செயல்கள். அருகில் நிற்கும் உறவினருக்கு இதனை முன்கூட்டியே விளக்காவிட்டால், உயிருள்ளவரைச் சாகவிட்டோம் என்னும் மனக்குறை அவர்களை விட்டு நீங்காது.

இச்சோதனைகள் அனைத்திற்கும் முற்பட்டது ஒரு நிபந்தனை: மீளக்கூடிய காரணம் எதுவும் இல்லை என உறுதிசெய்திருக்க வேண்டும். தூக்க மருந்து, உடல்வெப்பக் குறைவு, தசைத்தளர்வு மருந்து ஆகியவற்றை எல்லா நாட்டு நெறிமுறைகளும் குறிப்பிடுகின்றன. தெற்காசியாவில் இவற்றோடு முதலிடம் பெற வேண்டியது பாம்புக்கடி. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கிறது. கடிவாயில் வீக்கமோ வலியோ அரிதாகவே இருக்கும். கடிபட்டதை அறியாமலேயே ஒருவர் விடியலில் வயிற்றுவலியுடனோ இமை திறக்க இயலாமலோ விழிக்கக்கூடும். அதன் நஞ்சு மூளைத்தண்டைத் தொடுவதில்லை. நரம்பு முனைகள் தசையைச் சேரும் இடத்தைச் சிதைக்கிறது. ஆயினும் விளைவு ஏமாற்றக்கூடியது. இமை மூடாது, கண் நகராது, இருமல் வராது, மூச்சு இராது. கண்பாவைகளும் விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் நிற்கலாம். மூளைத்தண்டு கேட்கிறது, ஆணையிடுகிறது. அதன் ஆணையை நிறைவேற்றத் தசைகளால் இயலவில்லை. மூளைத்தண்டுச் சாவு எனத் தோன்றிப் பின்னர் முழுமையாக மீண்ட கட்டுவிரியன் கடி நோயாளிகளைப் பற்றிய பதிவுகள் இந்திய மருத்துவ இதழ்களில் உள்ளன. செயலிழப்பு ஏற்பட்டுவிட்டபின் நஞ்சுமுறி மருந்து அதனை உடனே நீக்குவதில்லை. நரம்பு முனைகள் மீண்டும் வளரும்வரை, சில நாள்களோ சில வாரங்களோ, சுவாசக் கருவி நிறுத்தப்படாமல் இருக்க வேண்டும்.

ஆகவே சான்றளிக்கும் குழுவின் முதல் வினா கண்பாவையைப் பற்றியதாக இருத்தல் கூடாது. இம்மனிதர் ஏன் இந்நிலைக்கு வந்தார் என்பதே அவ்வினா. தலையில் அடிபட்டது, மூளைக்குள் இரத்தம் கசிந்தது என மூளைச்சிதைவுக்கான காரணம் படத்தில் தெளிவாகத் தெரிந்தாலன்றி ஏனைய சோதனைகளைத் தொடங்குவதற்கு இடமில்லை. காரணம் தெரியாமல் விடியற்காலையில் கொண்டுவரப்பட்டவரிடம் கேட்க இயலாது. அவர் இரவு எங்கே படுத்திருந்தார் என்று உடன் வந்தவரைக் கேட்க வேண்டும்.